‘ஏற்கெனவே வந்துவிட்டது’ என்று என் லாக் சொன்ன பொய்

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு இரவு ஒன்பது மணிக்கு மடிவாளா எப்படி இருக்கும் என்று பெங்களூருத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓசூர் ரோட்டின் ஓரமெல்லாம் பஸ்கள், நடைபாதை முழுக்கப் பெட்டியும் பையும், சில்க் போர்டு வரை நகராத வண்டிகள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு சின்ன டிராவல்ஸ் கவுன்ட்டரின் முன்னால் 23 பேர் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லார் போனிலும் பணம் போனதற்கான மெசேஜ் இருந்தது. ஒருவரிடமும் டிக்கெட் இல்லை. பஸ்ஸில் இடமும் இல்லை. அந்த டிக்கெட் மென்பொருளை எழுதியவன் நான்.

பகலில் எனக்குப் பெல்லந்தூரில் ஒரு ஆபீஸ் வேலை. இரவிலும் சனி ஞாயிறிலும் பொம்மனஹள்ளி ரூமில் உட்கார்ந்து எழுதியது இது. டிராவல்ஸ் முதலாளி சேலத்துப் பக்கத்துக்காரர், ஐந்து பஸ் வைத்திருக்கிறார், சேலம், திருச்சி, மதுரைக்கு ஓட்டுகிறார். மொத்தம் 1,10,000 ரூபாய் பேசி 70,000 வாங்கியிருந்தேன். மீதி 40,000 பொங்கல் சீசன் முடிந்ததும் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆபீஸில் நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் பார்த்த பிறகுதான் அது உள்ளே போகும். இங்கே நானே எழுதி, நானே சரி என்று சொல்லி, நானே ஏற்றினேன்.

நடந்தது புரிய வேண்டுமானால் முதலில் பணம் எப்படி வருகிறது என்று சொல்ல வேண்டும். பயணி சீட்டைத் தேர்ந்தெடுத்ததும் டேட்டாபேஸின் புக்கிங் டேபிளில் ஒரு வரி விழும், பத்து நிமிடம் அந்த சீட் அவருக்காகப் பிடித்து வைக்கப்படும். அவர் யூபிஐயில் பணம் கட்டியதும் பேமென்ட் கேட்வே, அதாவது பணத்தை வசூலித்துத் தரும் சேவை, என் சர்வருக்கு ஒரு தகவல் அனுப்பும். இதைத்தான் வெப்ஹுக் என்கிறோம். நான் அதை வாங்கி பேமென்ட் டேபிளில் எழுதிவிட்டு 200, அதாவது ‘கிடைத்தது’, என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் கிடைக்காவிட்டால் கேட்வே அதே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பும். பதில் கிடைத்தாலும் சில சமயம் ஒரே தகவல் இரண்டு தடவை வரும். அது வழக்கம்தான், அதற்குத் தயாராக இருக்க வேண்டியது நம் வேலை. பேமென்ட் ஐடி ஒரு தடவைக்கு மேல் வரக்கூடாது என்று டேபிளில் யூனிக் கட்டுப்பாடு போட்டிருந்தேன். இரண்டாம் தடவை வந்தால் என் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் தடுக்கும், நான் எழுதும் மொழியான பைத்தானில் இன்டெக்ரிட்டி எரர் என்று ஒரு எக்ஸெப்ஷன், அதாவது பிழை அறிவிப்பு, எழும். அதைப் பிடித்து, ‘ஏற்கெனவே வந்த பேமென்ட், விட்டுவிடலாம்’ என்று லாக்கில், அதாவது புரோகிராமின் நாட்குறிப்பில், ஒரு வரி எழுதி, 200 என்று பதில் அனுப்பினேன். எழுதிய அன்று இதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமைதான் 37 பேருடைய பணத்தை விழுங்கியது. பண்டிகைக் கூட்டத்தில் யூபிஐ இழுத்தது. சிலர் ஒரு பேங்க் வேலை செய்யாமல் இன்னொரு பேங்க் அக்கவுன்ட்டுக்கு மாறிக் கட்டினார்கள். பத்து நிமிடம் தாண்டியதும், காலாவதியான புக்கிங்குகளைச் சுத்தம் செய்வதற்காக நான் எழுதி வைத்திருந்த இன்னொரு புரோகிராம் வந்து அந்த வரியை அழித்துவிட்டது. சீட் வேறு யாருக்கோ போனது. பதினோராவது நிமிடம் பணம் வந்து சேர்ந்தது. பேமென்ட் டேபிளில் எழுதப் போனால், அது சுட்டும் புக்கிங்கே இல்லை. போஸ்ட்கிரெஸ் ஃபாரின் கீ பிழை என்று கத்தியது. அந்தப் பிழையும் பைத்தானுக்கு இன்டெக்ரிட்டி எரர்தான். என் புரோகிராம் கோடு அதைக் கேட்டுவிட்டு, ‘ஏற்கெனவே வந்த பேமென்ட்’ என்று எழுதி, 200 என்று சொல்லி அனுப்பிவிட்டது. கேட்வேயும் வேலை முடிந்தது என்று நிம்மதியாகப் போய்விட்டது.

இதில் இன்று நினைத்தாலும் கூசும் ஒன்று உண்டு. அன்று மாலை ஏழு மணிக்கு நான் லாக்கைப் பார்த்தேன். சாதாரண நாளில் ஐந்தாறு தடவை வரும் அந்த வரி முப்பது தடவைக்கு மேல் வந்திருந்தது. கேட்வேக்கு லோடு அதிகம், அதனால் மறுபடி மறுபடி அனுப்புகிறது, நம் கோடு அழகாகச் சமாளிக்கிறது என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். டேட்டாபேஸ் சொன்னது லாக்கில் இல்லை. கோடு எழுதும்போது நான் மனதில் நினைத்தது மட்டும்தான் அங்கே இருந்தது. என் ஊகத்தை நானே எழுதி வைத்து, பிறகு அதையே நான் சாட்சியாக நம்பியிருக்கிறேன்.

ஒன்பது மணிக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது. “தம்பி, பணம் நம்ம அக்கவுன்ட்ல வந்திருக்கு. டிக்கெட் எங்க தம்பி?” அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பொம்மனஹள்ளியிலிருந்து நடந்தே போனேன். ஆட்டோ பிடித்திருந்தால் இன்னும் தாமதமாகியிருக்கும். போய்ச் சேர்ந்தபோது கைக்குழந்தையோடு ஒரு பெண் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கவுன்ட்டர் பையனைத் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நான் யாரென்றே தெரியாது. தெரியப்படுத்தும் தைரியமும் எனக்கு வரவில்லை.

கவுன்ட்டரின் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பயணியின் பேமென்ட் ஐடியை வாங்கித் தேடினேன். லாக்கில் ‘ஏற்கெனவே வந்தது’ என்று இருக்கிறது. டேபிளில் அது இல்லை. ஏற்கெனவே வந்திருந்தால் முதலில் வந்தது எங்கே? இரட்டைப் பிள்ளையில் இளையவன் என்று பதிவு செய்திருக்கிறேன், மூத்தவன் பிறக்கவே இல்லை. இன்னும் நாலு ஐடி தேடினேன், நாலும் அதே கதை. வயிற்றைப் புரட்டியது. போஸ்ட்கிரெஸின் சொந்த லாக்கைத் திறந்த பிறகுதான் ஃபாரின் கீ என்ற வார்த்தையைப் பார்த்தேன். அதை முதலிலேயே திறந்திருக்க வேண்டும். உங்கள் புரோகிராம் எழுதும் லாக்கும் டேட்டாபேஸ் எழுதும் லாக்கும் வேறு சொன்னால், டேட்டாபேஸ் பக்கம் நில்லுங்கள்.

முதலாளி ஓசூரில் தெரிந்தவரிடம் பேசி 12 சீட் வேன் இரண்டு வரவழைத்தார். பண்டிகை வாடகை, ஒன்றுக்கு 27,000. இரவு ஒன்றே கால் மணிக்கு வண்டிகள் கிளம்பின. அந்த 23 பேருக்கும் டிக்கெட் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார், அது அவர் குணம். மறுநாள் பயணத்துக்குக் கட்டியிருந்த மற்ற 14 பேருக்கும் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டு, தலைக்கு 1,400 ரூபாய் திருப்பி அனுப்ப வைத்தேன். வேன் செலவு 54,000. எனக்கு வரவேண்டிய 40,000ஐக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மீதி 14,000ஐயும் அனுப்பினேன். வேண்டாம் என்றார், அனுப்பிவிட்டேன். அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்டெக்ரிட்டி எரர் என்பது ஒரு குடும்பப் பெயர். பைத்தானில் டேட்டாபேஸ் டிரைவர்களுக்கான (டேட்டாபேஸோடு பேசும் இணைப்பு மென்பொருள்களுக்கான) பொது விதி, தரவு ஒருமைப்பாடு சம்பந்தப்பட்ட எல்லாப் பிழையையும் அந்த ஒரே பெயரில்தான் எழுப்பச் சொல்கிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், எஸ்க்யூஎல் ஸ்டேட் என்ற ஐந்தெழுத்துக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு எழுத்து தெரு, அடுத்த மூன்று வீட்டு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 23 என்பது கட்டுப்பாடு மீறல் தெரு. அதில் 23505 என்றால் யூனிக் மீறல், 23503 என்றால் ஃபாரின் கீ, 23502 என்றால் காலியாக இருக்கக் கூடாத இடம் காலி, 23514 என்றால் நாம் போட்ட சோதனை நிபந்தனை (செக்) தவறியது. நான் தெருவின் பெயரை மட்டும் படித்துவிட்டுத் தபாலைப் போட்டிருக்கிறேன். பைத்தானில் டேட்டாபேஸைக் கையாள உதவும் எஸ்க்யூஎல்ஆல்கெமி பயன்படுத்துகிறவர்களுக்கு, அது எழுப்பும் எக்ஸெப்ஷன் வெறும் உறைதான். உள்ளே ‘ஒரிஜ்’ என்ற பெயரில் டிரைவரின் அசல் எக்ஸெப்ஷன் இருக்கும். போஸ்ட்கிரெஸ் டிரைவர் சைக்கோபிஜி2 என்றால் அதில் ‘பிஜிகோட்’ என்றும், சைக்கோபிஜி 3 என்றால் ‘எஸ்க்யூஎல்ஸ்டேட்’ என்றும் இந்தக் குறியீடு கிடைக்கும். சைக்கோபிஜி2வில் 2.8 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பிழைக்கும் தனித்தனி கிளாஸே இருக்கிறது, எண்ணை மனப்பாடம் செய்யக்கூட வேண்டாம்.

சரி, டெஸ்ட் எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எழுதினேன், எல்லாம் பாஸ். ஆனால் டெஸ்ட்டுக்கு எஸ்க்யூலைட் என்ற இன்னொரு சின்ன டேட்டாபேஸ் வைத்திருந்தேன், வேகமாக ஓடும் என்று. எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சோதனை இயல்பாகவே அணைந்திருக்கும், ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் நாம்தான் போட்டுவிட வேண்டும். ஆக, என் டெஸ்ட்டில் அந்தப் பிழை எழவே வழியில்லை. ஓடும் இடத்தில் எந்த டேட்டாபேஸோ அதே டேட்டாபேஸில்தான் பிழைகளைச் சோதிக்க வேண்டும். இப்போது நான் வேண்டுமென்றே இல்லாத புக்கிங்குக்குப் பணம் அனுப்பியும், தொகையைக் காலியாக விட்டும், ஒரே ஐடியை இரண்டு தடவை அனுப்பியும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பதில் வருகிறதா என்று பார்க்கிறேன். மொத்தமே அரை நாள் வேலை. 54,000 ரூபாய்க்கு முன்னால் அரை நாள் எவ்வளவு மலிவு.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்று விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நான் செய்த அவசரத் திருத்தம், குறியீட்டைப் பார்ப்பதல்ல. பிழைச் செய்தியில் ‘டூப்ளிகேட் கீ’ என்ற சொல் இருந்தால் மட்டும் 200 சொல்லு என்று எழுதினேன். அப்புறம் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ‘அப்புறம்’ மூன்று வாரம் வரவில்லை. செய்தியின் வாசகத்தைத் தேடுவது ஏன் தவறு என்பதற்கு எல்லாரும் சொல்லும் காரணம், போஸ்ட்கிரெஸில் செய்தியின் மொழியை மாற்றி அமைக்க முடியும், பதிப்புக்குப் பதிப்பு வாசகமும் மாறலாம் என்பது. உண்மைதான். ஆனால் நான் அடி வாங்கியது அதில் இல்லை.

ரசீது எண் என்று பேமென்ட் டேபிளில் இன்னொரு யூனிக் நெடுவரிசை இருந்தது. ஆடிட்டர் எண் விடாமல் வரிசையாக வேண்டும் என்று சொன்னதால், டேபிளில் உள்ள பெரிய எண்ணோடு ஒன்று கூட்டி எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் ஒரே நொடியில் பணம் கட்டினால் இரண்டு பேருக்கும் ஒரே எண்தான் கணக்காகும். ஒருவர் உள்ளே போவார், இன்னொருவர் 23505 வாங்கி வெளியே நிற்பார். செய்தியிலும் ‘டூப்ளிகேட் கீ’ இருக்கும். டூப்ளிகேட் ஆனது ரசீது எண், பேமென்ட் புத்தம் புதியது. என் கோடு பழையபடியே அதைத் தள்ளிவிட்டு 200 சொன்னது. பிப்ரவரியில் நாலு பேர், தலைக்கு 900 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் முதலாளிக்கு நான் இரண்டாம் தடவை விளக்கம் சொன்ன அந்த ஐந்து நிமிடம் வேன் வாடகையைவிடக் கனமாக இருந்தது. “அன்னைக்கே சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே தம்பி” என்றார், அவ்வளவுதான்.

ஆக, 23505 என்ற குறியீடும் பாதி விடைதான். எந்தக் கட்டுப்பாடு உடைந்தது என்று அதன் பெயரையும் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 9.3 பதிப்பிலிருந்து பிழையோடு கட்டுப்பாட்டின் பெயரையும் தனியாகவே அனுப்புகிறது, சைக்கோபிஜியில் ‘டயாக்’ என்பதன் உள்ளே இருக்கும். செய்தியைக் கிழித்துத் தேட வேண்டியதில்லை. அதற்காகக் கட்டுப்பாடுகளுக்கு நீங்களே பெயர் வையுங்கள். டேட்டாபேஸ் தானாக வைக்கும் பெயரை நம்பினால், நாளைக்கு யாராவது டேபிளைப் புதிதாகக் கட்டும்போது பெயர் மாறலாம். இப்போது என் கோட்டில் பேமென்ட் ஐடியின் கட்டுப்பாடு உடைந்தால் மட்டும்தான் 200. ரசீது எண் உடைந்தால் முழு வேலையையும் திரும்பச் செய்யும். மற்ற எதுவாக இருந்தாலும் 500, அதாவது ‘தவறிவிட்டது’, என்று பதில் போகும், என் போனில் மணி அடிக்கும்.

எக்ஸெப்ஷனே வராமல் எழுத ‘ஆன் கான்ஃபிளிக்ட் டூ நத்திங்’ (மோதினால் ஒன்றும் செய்யாதே) என்ற கட்டளை இருக்கிறதே என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் இருக்கிறது, நல்ல வசதி, நானும் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் எந்த நெடுவரிசையில் மோதினால் விட்டுவிட வேண்டும் என்று சொல்லாமல் வெறுமனே எழுதினால், எல்லா யூனிக் மோதலையும் அது சத்தமில்லாமல் விழுங்கும். என் ரசீது எண் கதை அப்படியே திரும்பும், இந்தத் தடவை லாக்கில் ஒரு வரிகூட இருக்காது. பேமென்ட் ஐடி என்று குறிப்பிட்டு எழுதுங்கள், எத்தனை வரி உள்ளே போனது என்றும் பாருங்கள்.

திருத்தும்போது இன்னொரு பள்ளத்திலும் விழுந்தேன். பிழை வந்ததும், உண்மையிலேயே அந்தப் பேமென்ட் இருக்கிறதா என்று, எல்லாம் சேர்ந்தே நடக்க வேண்டிய ஒரு கட்டு வேலையான அதே டிரான்சாக்‌ஷனில் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். போஸ்ட்கிரெஸ் 25பி02 என்று திருப்பி அடித்தது. ஒரு பிழை வந்துவிட்டால் அந்த டிரான்சாக்‌ஷனில் ரோல்பேக் செய்யும்வரை, அதாவது அதில் செய்ததைத் திரும்பப் பெறும்வரை, எதையும் கேட்காது. சேவ்பாயின்ட் போட்டுக்கொண்டு முயன்றால் அதுவரை மட்டும் பின்வாங்கித் தொடரலாம். இதில் கொடுமை என்னவென்றால், லாக்கின் கடைசியில் தெரிவது இந்த இரண்டாவது பிழைதான். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணடித்தேன். 25பி02 பார்த்தால் அதைப் படிக்காதீர்கள், மேலே ஏறி அதற்கு முன்னால் என்ன விழுந்தது என்று பாருங்கள்.

எதைத் திரும்ப முயல்வது என்பதும் குறியீட்டைப் பொறுத்ததுதான். 40001, 40பி01 இரண்டும் நெரிசல் சம்பந்தப்பட்டவை. முன்னது ஒரே நேரத்தில் ஓடிய வேலைகள் ஒன்றோடொன்று மோதியது, பின்னது டெட்லாக், இருவர் ஒருவருக்கொருவர் வழிவிடாமல் நின்றது. இவற்றுக்கு டிரான்சாக்‌ஷனை முதலிலிருந்து ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும், கடைசிக் கட்டளையை மட்டும் ஓட்டினால் ஆகாது. 53300 என்றால் கனெக்‌ஷன் தீர்ந்துபோனது, உடனே முட்டினால் இன்னும் மோசமாகும், கொஞ்சம் பொறுத்து முயல வேண்டும். 22இல் தொடங்கினால் தரவே தப்பு, 42இல் தொடங்கினால் பெரும்பாலும் டேட்டாபேஸுக்கு நாம் எழுதிய எஸ்க்யூஎல் கட்டளையே தப்பு, நூறு தடவை ஓட்டினாலும் மாறாது. எனக்குப் பயமானது 08 தெரு, கனெக்‌ஷன் அறுந்தது. கமிட், அதாவது ‘முடிவாகச் சேமி’ என்ற கட்டளை, அனுப்பிய பிறகு அறுந்தால் அது நடந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது. அங்கே நம்மைக் காப்பாற்றுவது அந்தப் பேமென்ட் ஐடி யூனிக் கட்டுப்பாடுதான். தைரியமாகத் திரும்ப அனுப்பலாம், முன்பே போயிருந்தால் அது சொல்லும்.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் பயன்படுத்தும் ஆட்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கு இன்னும் சிக்கல். அங்கே யூனிக் மீறலும் ஃபாரின் கீ மீறலும் ஒரே எஸ்க்யூஎல் ஸ்டேட், 23000. அதை வைத்துப் பிரிக்கவே முடியாது, 1062, 1452 என்ற அதன் சொந்த எண்களைத்தான் பார்க்க வேண்டும். 1213 டெட்லாக் வந்தால் முழு டிரான்சாக்‌ஷனும் ரோல்பேக் ஆகும். 1205, அதாவது பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் முடிந்தால், இயல்பான அமைப்பில் அந்த ஒரு கட்டளை மட்டும்தான் ரோல்பேக் ஆகும், முன்பு எழுதியவை திறந்தபடி நிற்கும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் பாதி எழுதிய கணக்கு கமிட் ஆகிவிடும். ஆபீஸில் இதைப் பார்த்திருக்கிறேன், நல்லவேளை அது என் கோடு இல்லை.

புக்கிங் பக்கம் மாற்றியது எளிது. காலாவதியான வரியை இப்போது அழிப்பதில்லை, காலாவதி என்று குறித்து வைக்கிறேன். வரும் எந்த வெப்ஹுக்கையும் முதலில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத ஒரு டேபிளில் அப்படியே கொட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் பிரித்துப் பார்க்கிறேன். தாமதமாக வந்த பணம் தனியாக ஒரு பட்டியலில் நிற்கும், கவுன்ட்டரில் சிவப்பாகத் தெரியும். லாக்கில் என் சொந்த வாக்கியம் எதுவும் இல்லாமல், குறியீடு, கட்டுப்பாட்டின் பெயர், பேமென்ட் ஐடி மூன்றும் வந்தபடியே விழுகின்றன.

ஆயுத பூஜைக் கூட்டத்தில் அந்தச் சிவப்புப் பட்டியலில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேருக்கும் பஸ் கிளம்பும் முன்பே போன் போய், ஆறு பேருக்கு வேறு சீட்டும் மூன்று பேருக்குப் பணமும் கிடைத்தது. மறுநாள் கணக்குப் பார்க்க மடிவாளா போயிருந்தேன். கவுன்ட்டரில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு நீளமான நோட்டு இருந்தது. யூபிஐ எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பெயர், சீட், எல்லாம் பையன் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தான். பிப்ரவரியில் அந்த நாலு பேரைக் கண்டுபிடித்ததும் இந்த நோட்டுதான். “இது இன்னும் வேணுமாண்ணே?” என்று முதலாளியிடம் கேட்க வாய் வரை வந்தது. அவர் டீ சொல்லியிருந்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.